துணைத்தாங்கி 14-அ

அந்த வீட்டின் மூலைத் தூண் அடியில் ஒரு முழம் உயரத்துக்கு மக்கிப் போயிருந்தது. மக்கிய பகுதியை அறுத்தெடுத்துவிட்டுப் புது மரத்தை ஒட்டுப் போட ஒரு தச்சருக்கு அரை நாள் போதும். சாவிக்காரர் செய்த ஒரே தப்பு, அதற்கு அனுமதி கேட்கப் போனதுதான்.

எதிர் வீட்டுக்காரருக்கும் இதே மாதிரி வீடு. அதே வயது, அதே மரச்சட்டம், சட்டங்களுக்கு நடுவே அதே மண் அடைப்பு. போன கோடையில் அவர் வீட்டு முன்னால் ஒரு தார்ப்பாயைக் கட்டினார். மூன்று நாள் கழித்து அவிழ்த்தபோது இரண்டு தூண்கள் புதிதாக நின்றன. யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. அவரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை, கணக்கு சரியாகிவிட்டது. சாவிக்காரர் அப்படிப்பட்ட ஆளில்லை. முப்பது வருடமாக ஊரார் பூட்டுகளுக்குச் சாவி செய்து கொடுப்பவர். சொந்தக்காரர் எதிரில் நின்றால்தான் ஒரு பூட்டைத் தொடுவார். நூறு வயதைத் தாண்டிய மர வீட்டில் ஓர் ஆணி அடிப்பதானாலும் பழமைக் காப்பு வாரியத்தின் அனுமதி வேண்டும் என்று தெருமுனைப் பலகையில் எழுதியிருந்தது. அவர் அதை நின்று படித்துவிட்டார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வதற்குப் படிப்பறிவும் ஒரு காரணமாகிவிடுகிறது.

அவசரம் தூணுக்கு இல்லை, தூணுக்கு மேலே படுத்திருந்தவருக்கு. சாவிக்காரரின் அண்ணன் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு காலையில் இடது பக்கம் மொத்தமும் செயலிழந்துவிட்டது. அன்றிலிருந்து மாடி அறைக் கட்டில்தான் அவருக்கு உலகம். தெருவைப் பார்க்கும் ஜன்னல் அந்த மூலையில் மட்டும் இருந்ததால் கட்டிலை அங்கே போட்டிருந்தார்கள். மக்கிப் போன தூண் நேர் கீழே.

"வர்ற மழைக்குள்ள முடிச்சிடணும் சார்" என்றார் தச்சர், தூணில் திருப்புளியைக் குத்தி. அது வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. "மண் அடைப்பு நனைஞ்சா கனம் ரெட்டிப்பாயிடும். அப்புறம் மாடி அறை அப்படியே கீழ வந்து உக்காரும்."

அதுவரைக்கும் உத்தரத்துக்கு ஓர் இரும்பு முட்டுக் கொடுத்துவிட்டுப் போனார் தச்சர். சாவிக்காரர் விண்ணப்பம் கொடுத்தார்.

பதினோரு வாரம் கழித்து, முன்னறிவிப்பு ஏதுமில்லாமல், வாரியத்தின் ஆய்வாளர் வந்தார். கூடவே படம் வரைகிற இரண்டு பேர். அவர்கள் வந்து சேர்ந்த நேரம் கெட்ட நேரம். முட்டு தரையில் அமிழ்வதைப் பார்த்துவிட்டு, அடியில் பலகை வைப்பதற்காகத் தச்சர் அப்போதுதான் அதை எடுத்திருந்தார். "ரெண்டு நிமிஷம் உத்தரத்துக்குக் கீழ நில்லுங்க சார். நீங்க ஒண்ணும் தாங்க வேணாம், அது அசைஞ்சா எனக்குச் சொன்னா போதும்" என்று சாவிக்காரரை நிறுத்திவிட்டுப் பலகை எடுக்கக் கொல்லைப்பக்கம் போயிருந்தார்.

"அசையாதீங்க!" என்று வாசலிலிருந்தே கத்தினார் ஆய்வாளர்.

சாவிக்காரர் அசையவில்லை. அதிகாரி சொன்னால் கேட்கிற பழக்கம்.

வாரியத்தின் முதல் விதி, கண்டதைக் கண்டபடி பதிவு செய்வது. ஆய்வு நாளில் எது எங்கே எப்படி இருந்ததோ அதுதான் அந்த வீட்டின் அசல் நிலை. ஒருவர் அளந்தார், மற்றவர் வரைந்தார். தூண்களுக்கு ஒன்றிலிருந்து பதினான்கு வரை எண் போட்டார்கள். பதினான்காவது மக்கிய தூண். அதன் பக்கத்தில் உத்தரத்துக்கு அடியில் நின்றதற்கு 14-அ என்று எண் போட்டு, சட்டைப் பையின் மேல் ஒரு சீட்டை ஒட்டினார்கள்.

"சார், நான் இந்த வீட்டுக்காரன்" என்றார் சாவிக்காரர்.

"அது உரிமை விவரம். மூணாவது படிவத்துல வரும். இது இருப்பு விவரம். பேசாதீங்க, உயரம் மாறுது."

மரத்தின் ஈரத்தை அளக்கும் கருவியின் இரண்டு ஊசிகளை அவர் முன்கையில் வைத்து அழுத்தினார்கள்.

"அறுபத்தஞ்சு சார்."

"ரொம்ப ஈரமாச்சே. பச்சை மரமா?"

ஆய்வாளர் ஒரு சின்னச் சுத்தியலால் முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டார். "உள்ள உளுப்பு இல்ல. வயசு?"

"ஐம்பத்தி நாலு" என்று சாவிக்காரரே சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"அப்போ இது வீடு கட்டினப்போ வெச்சது இல்ல, பிற்சேர்க்கை. இருந்தாலும் ஐம்பது தாண்டிட்டதால காக்கத்தக்கது."

மாடியைப் பார்க்க ஆய்வாளர் முதல் படியில் கால் வைத்தார். அது கிறீச்சிட்டதும் காலை எடுத்துக்கொண்டார். மேலிருந்து அண்ணன், "யாருடா வந்திருக்கா?" என்று கேட்டார்.

"மேல என்ன சத்தம்?" என்றார் ஆய்வாளர்.

"பழைய மரம் சார். முனகும்" என்றார் படம் வரைகிறவர்.

சாவிக்காரரின் மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். "மரமா? அது இவரோட அண்ணன். ரெண்டு வருஷமா மேல படுத்த படுக்கையா இருக்காரு. ஏறிப் பாருங்க."

"அம்மா, படி பாதுகாப்பா இல்ல. பாதுகாப்பா இல்லாத இடத்தை நாங்க பாக்கறதில்ல. பாக்காத இடத்துல யாரும் இருக்கறதா எழுத எங்களுக்கு அதிகாரம் இல்ல." அப்படியே எழுதவும் செய்தார்: மேல் தளம் பார்வையிடப்படவில்லை, எனவே காலி.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. முதல் உத்தரவு, தச்சர் மறுபடி நிறுத்தியிருந்த இரும்பு முட்டு பதிவில் இல்லாத அந்நியப் பொருள், உடனே அகற்றப்படும். வாரிய ஆட்கள் வந்து அதை அகற்றி, சாட்சிப் பொருளாக எடுத்துப் போனார்கள். இரண்டாவது, மாடிப்படியில் ஒரு நேரத்தில் ஒருவருக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. மக்கள் இப்படிப்பட்ட உத்தரவுகளை மதிப்பதில்லை என்பதால், பேருந்து நிலையத்தில் இருப்பது போல ஒரு சுற்றுக்கு ஓர் ஆளை மட்டும் விடும் சுழல் கம்பிக் கதவைப் படியின் கீழே பொருத்தி, அதைக் கழற்ற முடியாதபடி பூட்டு போட்டார்கள். மூன்றாவது, தூண் மாற்ற அனுமதி கிடைக்கும் வரை துணைத்தாங்கி 14-அ அலுவலக நேரத்தில் பதிவான இடத்திலேயே இருக்க வேண்டும். திடீர்ச் சோதனையில் இல்லையென்றால் விண்ணப்பம் ரத்தாகும். மறுபடி முதலிலிருந்து.

சாவிக்காரர் விளக்கம் சொல்ல வாரியத்துக்குப் போனார். இயக்குநர் அம்மாள் நல்லபடியாகத்தான் உட்காரச் சொன்னார். அவருக்குப் பின்னால் கூரை வரைக்கும் அலமாரிகள், அலமாரி முழுக்கக் கோப்புகள்.

"எங்க வாரியம் வந்து இருபத்தி ரெண்டு வருஷம் ஆச்சு" என்றார் இயக்குநர். "இன்னிக்கு வரைக்கும் ஒரு தூணைக்கூட நாங்க மாத்த விட்டதில்ல. அந்த வீடெல்லாம் எங்கன்னு சில பேர் கேக்கறாங்க. எல்லாம் இங்கதான் இருக்கு. அளவு, படம், எடை, ஒவ்வொரு ஆணியும் இந்த அலமாரியில பத்திரமா இருக்கு. வெளியில வீடுதான் இல்ல. வீடுன்னா மழையில நனையும், கரையான் அரிக்கும், ஆளுங்க குடியிருந்து கெடுப்பாங்க. ஃபைலுக்கு அந்தத் தொந்தரவெல்லாம் கிடையாது. விழுந்த வீட்டை யார் வேணா கட்டிடலாம், ஒரு ஃபைல் விழுந்தா யாரால எழுப்ப முடியும், சொல்லுங்க."

சாவிக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "அம்மா, நான் தூண் இல்ல. மனுஷன். இதோ உங்க எதிர்ல உக்காந்திருக்கேனே."

இயக்குநர் அவர் சட்டைப் பையின் மேல் இருந்த சீட்டைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. "அப்போ அங்க உத்தரத்தை இப்போ யாரு தாங்கறா?"

"யாரும் தாங்கலை. நானும் தாங்கறதில்ல."

"ஐயோ, பதிவான உறுப்பு நடந்து வந்திருக்கு! யாரைக் கேட்டு வாசல்ல விட்டீங்க?" என்று மணியை அடித்தார் இயக்குநர். நான்கு பேர் வந்தார்கள். பழம்பொருள் ஏற்றும் வண்டியில் அவரைப் படுக்கவைத்து, கம்பளி சுற்றி, முட்டாமல் இருக்க இரண்டு பக்கமும் வைக்கோல் வைத்து, வீட்டில் கொண்டுவந்து இறக்கி, எண் பார்த்து நிறுத்திவிட்டுப் போனார்கள்.

அன்றிலிருந்து பத்து மணி முதல் ஐந்து மணி வரை சாவிக்காரர் அந்தத் தாழ்ந்த உத்தரத்துக்குக் கீழே தலையை ஒரு பக்கம் சாய்த்து நின்றார். சாவிக் கடையை மனைவி பார்த்துக்கொண்டாள். மதியம் ஓடி வந்து அவருக்கு ஊட்டிவிடுவாள். நின்ற இடத்தில் சாப்பிடலாம், ஆனால் கையைத் தூக்கக் கூடாது. பதிவில் கை தொங்கிக்கொண்டிருக்கிறது.

"உங்க அண்ணனை என் அக்கா வீட்டுக்குக் கொண்டு போயிடலாம்" என்றாள் ஒரு நாள், வாயில் ஒரு கவளத்தை வைத்தபடியே. "எதிர் வீட்டுக்காரர், தச்சர் ரெண்டு பேரும் தூக்க வரேன்னு சொல்லிட்டாங்க. அந்தக் கம்பிக் கதவுப் பூட்டை மட்டும் திறந்து கதவைக் கழட்டிவிடுங்க. ஒவ்வொருத்தரா நுழையற கதவுல படுக்கையோட ஒருத்தரை எப்படி இறக்கறது?"

"பூட்டியிருக்கே."

"ஊர்ல உள்ள பூட்டையெல்லாம் திறப்பீங்க. இதைத் திறக்கத் தெரியாதா?"

"தெரியும். ஆனா நம்ம பூட்டு இல்லையே அது."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நல்லா இருக்கு உங்க நியாயம். நல்லவருக்குப் பொண்டாட்டியா இருக்கறதுக்குப் பதிலா ஒரு திருடனுக்கு வாக்கப்பட்டிருந்தா இந்நேரம் வீடு நிமிர்ந்திருக்கும்."

அண்ணனுக்குப் பேச்சு தெளிவாகத்தான் இருந்தது. தரைப்பலகை இடுக்கு வழியாகப் பேசுவார். "டேய் தூணு, டீ குடிச்சியா?" என்பார். "நான் வேலை பாத்தப்போ ஆளில்லாத வீட்டுக்குக் கடிதம் வந்தா அனுப்பினவங்களுக்கே திருப்பிடுவோம். இப்போ நானே ஆளில்லாத வீட்டுல இருக்கேன். என்னை யாருக்குடா திருப்புவாங்க?" என்பார். சிரிப்பார். சிரித்து முடித்ததும், "கொஞ்சம் மேல வாயேன். பக்கத்துல உக்காரு. பகல் போகவே மாட்டேங்குது" என்பார்.

"அஞ்சு மணிக்கு வர்றேண்ணே" என்பார் சாவிக்காரர்.

ஐந்து மணிக்குப் போவார். காலெல்லாம் வீங்கி, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார். அண்ணன் அவர் தலைக்குத் தன் தலையணையை நகர்த்தி வைப்பார்.

ஏழாவது மாதம் ஆய்வாளர் நல்ல செய்தியோடு வந்தார். தூணை மாற்றக் கொள்கை அளவில் ஒப்புதல் கிடைத்துவிட்டதாம். மாற்றும் மரம் அதே இனமாக, அதே வயதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கையோடு ஒரு புகைப்படம் கொண்டு வந்திருந்தார். வேலி போட்ட நிலத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கன்று.

"உங்க தூண்ல நூத்தி நாப்பது வளையம் இருக்கு. நம்ம பண்ணையில நட்டாச்சு. உங்க பேர்லயே ஒதுக்கியாச்சு."

"எப்போ தயாராகும்?"

"நூத்தி நாப்பது வருஷம். உரம் போட்டா நூத்தி முப்பதுல வந்துடும். ஆனா உரம் போட்டா அசல் தன்மை போயிடும்னு இயக்குநர் அம்மா கண்டிப்பா சொல்லிட்டாங்க."

"மழை அடுத்த மாசம் வந்துடும் சார்."

"வரட்டுமே" என்றார் ஆய்வாளர் தாராளமாக. "கன்னுக்கு நல்லதுதானே."

இதைக் கேட்டதும் தச்சருக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுத் தூண் துண்டையும் இரண்டு முட்டுகளையும் சாக்கில் சுற்றிக் கொண்டு வந்துவிட்டார். "இன்னிக்கு வாரியம் லீவு. மத்தியானத்துக்குள்ள மாத்திடறேன். மேல புகைக்கரியைப் பூசிட்டா அவங்க பாட்டனுக்கும் தெரியாது."

சாவிக்காரர் உத்தரத்துக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை நிற்க வேண்டும் என்று எந்த உத்தரவிலும் இல்லை. நாலைந்து வாரமாக அவராகவே நிற்கிறார் என்பது அப்போதுதான் தச்சருக்குத் தெரிந்தது.

"வேணாம்" என்றார். "ஃபைல் கடைசி மேசைக்கு வந்துடுச்சாம். இப்போ போய் எதையாவது செஞ்சு மாட்டிக்கிட்டா மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். அதுவுமில்லாம நான் நகர்ந்தா உத்தரம் இறங்கும். எனக்குத் தெரியுது."

"சார், நீங்க எதையும் தாங்கலை" என்றார் தச்சர். அவர் தோளுக்கும் உத்தரத்துக்கும் நடுவில் தன் இரண்டு விரல்களை நுழைத்து ஆட்டிக் காட்டினார். "பாருங்க, ரெண்டு விரக்கடை இடம் இருக்கு. காத்துதான் இருக்கு இங்க."

"உங்களுக்குத் தெரியாது" என்றார் சாவிக்காரர். "நின்னு பாத்தவனுக்குத்தான் தெரியும்."

தச்சர் மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரைப் பார்த்தாள். ஆறு மாதம் ஒரு மனிதனை நிறுத்தி வைத்து நீ தூண் என்று சொன்னால், ஏழாவது மாதம் அவனே நம்ப ஆரம்பித்துவிடுகிறான். இதற்கு வாரியம் மட்டும் காரணமில்லை, நின்ற நிற்புக்கு ஓர் அர்த்தம் வேண்டியிருக்கிறதே. தச்சர் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

மழை ஆரம்பித்த இரண்டாம் நாள் அந்த இரண்டு விரற்கடை ஒரு விரற்கடையாயிற்று. மூன்றாம் நாள் உத்தரம் சாவிக்காரரின் தோளில் வந்து உட்கார்ந்தது. நனைந்த மண்ணின் கனம் முதல் தடவையாக அவர்மேல் உண்மையிலேயே இறங்கியது. அவர் பயந்துபோய் வாரியத்துக்குக் கடிதம் எழுதச் சொன்னார். மனைவி எழுதி, மறுநாள் காலையில் ஓடிப் போய்க் கொடுத்துவிட்டு, அங்கேயே நின்று பதிலையும் வாங்கி வந்தாள். அதில் இப்படி இருந்தது: "துணைத்தாங்கி 14-அ-வுக்கும் உத்தரத்துக்கும் இடையே இருந்த இடைவெளி, எவர் தலையீடும் இன்றித் தானாகவே சரியாகியிருப்பதை வாரியம் மகிழ்ச்சியுடன் பதிவு செய்கிறது."

அவள் அதைப் படித்துக் காட்டவில்லை. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "சாயங்காலம் தச்சரைக் கூட்டிட்டு வந்து அந்தக் கதவை உடைக்கப் போறேன். நீங்க தடுத்தா உங்களையும் சேத்து உடைப்பேன்" என்று சொல்லிவிட்டு, தச்சரைத் தேடிப் போனாள். தச்சர் ஊரின் அந்தக் கோடியில் வேலையாக இருந்தார்.

அதே நான்காம் நாள், மதியம் மூன்று மணி பத்து நிமிடம். மூலைத் தூணின் அடியிலிருந்து, ஈரத் துணியைக் கிழிப்பது போல ஒரு சத்தம் வந்தது. பிறகு மேலிருந்து அண்ணனின் குரல். விளையாட்டில்லாத குரல்.

"தம்பி!"

சாவிக்காரர் தோளை எடுத்தார். சுழல் கதவு தன் கடமையைச் செய்தது. ஒரு சுற்று சுற்றி, ஒரே ஓர் ஆளாக அவரை உள்ளே விட்டது. அவர் படியேறிப் போனபோது அறை ஏற்கெனவே சாய்ந்திருந்தது. கட்டில் ஜன்னல் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது. அண்ணன் வலது கையை நீட்டினார், சாவிக்காரர் பிடித்துக்கொண்டார். "வந்துட்டியா" என்றார் அண்ணன். அவ்வளவுதான் நேரம் இருந்தது.

தெருக்காரர்கள் மண்ணைத் தோண்டி இரண்டு பேரையும் எடுத்தார்கள். சாவிக்காரருக்கு இடது கை முறிந்திருந்தது. அண்ணனின் பிடி அவர் வலது மணிக்கட்டில் இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. பிரிக்க வேண்டாம் என்று சாவிக்காரர் கத்தி அழுதார்.

வாரியம் இவ்வளவு வேகமாக வேலை செய்து யாரும் பார்த்ததில்லை. ஆறே நாளில் விசாரணை வைத்துவிட்டார்கள். இயக்குநர், ஆய்வாளர், எழுதிக்கொள்ள ஒரு குமாஸ்தா. எதிரில் கையில் கட்டோடு சாவிக்காரரும் அவர் மனைவியும். ஆய்வாளர் சேதப் பட்டியலைப் படித்தார். தூண்கள் பதினான்கில் ஒன்பது மீட்கப்பட்டன. உத்தரங்கள் நான்கு. துணைத்தாங்கி 14-அ, ஓரிடத்தில் முறிவு, பழுது பார்க்கத்தக்கது. சுழல் கதவு, சேதமில்லை. உயிர்ச்சேதம், இல்லை.

"இல்லையா?" என்றாள் மனைவி.

"மேல் தளம் காலின்னு பதிவாகியிருக்கும்மா."

"மேல யாருமே இல்லன்னா, போன வாரம் நாங்க புதைச்சது யாரை?"

ஆய்வாளர் பக்கத்தைப் புரட்டினார். அடுத்த பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார். "அது சுகாதாரத் துறைம்மா. நாங்க கட்டடம் மட்டும்தான்."

இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டு சாவிக்காரர் பக்கம் திரும்பினார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "உங்களைப் பத்தி நாங்க எவ்வளவு பெருமைப்பட்டோம் தெரியுமா? இங்கேருந்து கொண்டுபோய் நிறுத்தினதுக்கப்புறம் ஆறு மாசத்துக்கு மேல ஒரு நாள்கூட இடம் மாறலை. எங்க வருடாந்திர அறிக்கையில உங்க படம்தான் அட்டை. அப்படிப்பட்ட நீங்க, அன்னிக்கு மூணு பத்துக்கு, அலுவலக நேரத்துல, இடத்தை விட்டு நகர்ந்திருக்கீங்க. அதனாலதான் வீடு விழுந்திருக்கு. மேல் தளத்துல யாருமில்ல. அப்புறம் எதுக்கு மேல போனீங்க?"

சாவிக்காரர் கட்டுப் போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். குமாஸ்தா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"அண்ணன் கூப்பிட்டாரு" என்றார் சாவிக்காரர். "தினமும்தான் கூப்பிட்டாரு. அன்னிக்குத்தான் போனேன்."

மனைவி அவருடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காரணம்ங்கற கட்டத்துல என்ன போடறது மேடம்?" என்று கேட்டார் குமாஸ்தா.

இயக்குநர் கொஞ்சம் யோசித்தார்.

"காரணம் எதுவும் தெரிவிக்கப்படவில்லைன்னு போடுங்க."